ஃபிரிட்ஜின் மேல் வைத்த கை

முத்திரை சார் ஓய்வு பெற்ற அன்று ஊரிலிருந்த தராசுகள் எல்லாம் நிம்மதியாக மூச்சு விட்டிருக்கும். அவர் மனைவிக்குத்தான் அந்த நிம்மதி கிடைக்கவில்லை. அதுவரை ஊர் முழுக்கப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த சந்தேகத்தை அவர் மொத்தமாக மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

கடை கடையாக ஏறி இறங்கித் தராசையும் எடைக்கல்லையும் சோதிப்பது அவர் பார்த்த உத்தியோகம். சரியாக இருந்தால் முத்திரை குத்துவார். தப்பாக இருந்தால் பறிமுதல் செய்வார். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ஒரு சின்ன ரசமட்டம் இருக்கும். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி. அது நடுவில் வந்து நின்றால் தளம் சமம், ஒதுங்கினால் சரிவு. கடைக்குள் நுழைந்ததும் தராசைப் பார்க்க மாட்டார். தராசு நிற்கும் மேசையில் ரசமட்டத்தை வைத்துவிட்டு, "அடியே கோணலா இருந்தா எடை எப்படிய்யா நேரா இருக்கும்?" என்பார். அந்த ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு பதவி உயர்வெல்லாம் வாங்கிவிட்டார் மனிதர்.

வெளியூரில் இருக்கும் மகள் ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின் ஒன்றை வாங்கி அனுப்பினாள். கடிகாரம் போல மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் வகை. பட்டனை அழுத்தினால் உர்ரென்று பட்டை இறுகி, பிறகு தளர்ந்து, எண்களைக் காட்டும். அதோடு கூட ஒரு தாளும் வந்திருந்தது. எப்படி உட்கார வேண்டும், கையை எங்கே வைக்க வேண்டும் என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள். முத்திரை சார் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அளவுலயே பொழப்பு நடத்துன எனக்கு இவன் பாடம் எடுக்கறானா?" என்று கசக்கிப் போட்டுவிட்டு ரசமட்டத்தை எடுத்தார்.

வீட்டில் எங்கே சமதளம் என்று தேடும் படலம் ஆரம்பமானது. சாப்பாட்டு மேசை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. ஜன்னல் திண்டு தேறவில்லை. ஸ்டூல் ஆடியது. தரையே மூலைக்கு ஒரு பக்கமாக ஓடியது. கட்டிய மேஸ்திரியைப் பத்து நிமிடம் திட்டினார். கடைசியில் ஃபிரிட்ஜின் தலையில் வைத்தபோது குமிழி நடுவில் வந்து நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? அதன் கால்களைத் திருகித் திருகி மட்டம் பார்த்து நிறுத்தியவரே அவர்தான்.

"இங்கதான். இனிமே கைய இங்க வெச்சுத்தான் பாக்கணும்."

இரண்டு கதவு ஃபிரிட்ஜ் அது. உயரமான அவருக்கே அதன் தலை தாடைக்கு வரும். மனைவிக்கோ அது உச்சந்தலையைத் தாண்டும். தினமும் காலையில் அவள் குதிகாலை எக்கி, கையைத் தூக்கி அந்தத் தகரத்தின் மேல் வைத்துக்கொண்டு, வகுப்பில் வெளியே போக அனுமதி கேட்கும் பிள்ளை மாதிரி நிற்பாள். அவர் பின்னாலிருந்து எட்டி எண்ணைப் படிப்பார்.

"தொண்ணூத்தெட்டுக்கு அம்பத்திரண்டு. லோ. நான் சொன்னேன்ல?"

அவர் என்ன சொன்னார், எப்போது சொன்னார் என்று அவளுக்கு நினைவில்லை. ஆனால் எதையும் அவர் முன்பே சொல்லியிருப்பார். அது அந்த வீட்டின் சட்டம்.

கொஞ்ச காலமாகவே அவளுக்குப் பிடரியில் ஒரு வலி இருந்தது. காலையில் எழுந்தால் தலைக்குள் யாரோ கட்டில் நகர்த்துவது போல ஒரு கனம். சில நேரம் கிறுகிறுப்பு. அவர் எண்ணையும் கிறுகிறுப்பையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். லோ பிரஷர். மருந்தும் அவரே கண்டுபிடித்தார். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி உப்பு. காலையும் மாலையும். அதைக் கலக்கி அவரே கொண்டுவந்து நீட்டுவார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் அவளுக்கென்று அடுக்களையிலிருந்து கொண்டுவந்த ஒரே பொருள் அந்த உப்புத் தண்ணீர்தான்.

அவள் வாங்கிக் குடித்தாள். குடித்துக்கொண்டே அவரை ஏளனமாகப் பார்த்தாள். ஏளனம் வெளியே தெரியாது; அதில் அவள் கைதேர்ந்தவள். முகம் பாட்டுக்கு அமைதியாக இருக்கும், உள்ளே ஒருத்தி உட்கார்ந்து வக்கணை காட்டிக்கொண்டிருப்பாள். அந்த வீட்டில் அவளுக்கென்று தனி அறை கிடையாது. அந்த ஏளனம்தான் அவளுடைய அறை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டால் அவர் எவ்வளவு பேசினாலும் காதில் விழாது.

பக்கத்து வீட்டுத் தையல்காரருக்கு இந்த மெஷின் மேல் பெரிய பக்தி. வாரம் தவறாமல் வந்து கையை ஃபிரிட்ஜ் மேல் போட்டுக்கொண்டு நிற்பார்.

"சார், டாக்டர்கிட்ட பாத்தா ஏறிக் கெடக்கு. உங்க வீட்டுக்கு வந்தா எறங்கிடுது. என்ன ராசி சார் உங்க வீடு!"

"ராசி இல்லய்யா, மட்டம். அந்த டாக்டர் மேசைய நீ பாத்திருக்கியா? குமிழி வெச்சா ஓரத்துல போய் ஒட்டிக்கும்."

"அதானே! காசு புடுங்கறானுங்க சார்."

"உனக்கு நூத்தி முப்பது. போய் நிம்மதியா தை."

அந்தத் தையல்காரரையும் அவள் ஏளனத்தின் அறைக்குள் வைத்துப் பூட்டினாள். ஒரு மடையனை இன்னொரு மடையன் புகழும்போது கேட்பதற்கு எவ்வளவு சுகமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே காப்பி கலந்தாள். தலைவலி பின்னால் நின்று தட்டிக்கொண்டிருந்தது.

கடைசியில் கதவைத் திறந்துவிட்டது ஒரு கடைவாய்ப் பல்.

சொத்தை முற்றிவிட்டது, பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றார் பல் டாக்டரம்மா. நாற்காலியில் சாய்த்தார்கள். பிடுங்குவதற்கு முன்னால் பிரஷர் பார்ப்பது அங்கே வழக்கம். உதவியாளப் பெண் கைப்பட்டையைச் சுற்றினாள், பார்த்தாள், டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா கையுறையைக் கழற்றிவிட்டு, "கொஞ்ச நேரம் பேசாம உக்காருங்க. மறுபடி பாப்போம்" என்றார். மறுபடியும் பார்த்தார்கள்.

"நூத்தி அம்பத்தெட்டுக்குத் தொண்ணூத்தெட்டு. இத வெச்சுக்கிட்டு இன்னிக்குப் பல்லுல கை வைக்க மாட்டேன். பிரஷருக்கு மாத்திரை எடுக்கறீங்களாம்மா?"

"எனக்கு லோ பிரஷர் டாக்டர்."

"யார் சொன்னா?"

"வீட்ல மெஷின் இருக்கு. தெனமும் பாக்கறோம். தொண்ணூத்தெட்டுதான் காட்டும்."

"எப்படிப் பாக்கறீங்க? செஞ்சு காட்டுங்க."

அவள் நாற்காலியிலிருந்து இறங்கினாள். அறையில் ஃபிரிட்ஜ் இல்லை. மருந்து அலமாரி இருந்தது. அதன் அருகே போய்க் குதிகாலை எக்கி, கையைத் தூக்கி அதன் மேல் வைத்துக்கொண்டு நின்றாள்.

உதவியாளப் பெண் முகக்கவசத்துக்குள் களுக்கென்று சிரித்தாள். டாக்டரம்மாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கேட்டார்.

"ஏம்மா, பிரஷர் பாக்கறீங்களா, பல்லி புடிக்கறீங்களா?"

கையை இறக்கும்போது அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. இத்தனை காலமும் தினமும் காலையில் அவள் எப்படி நின்றிருக்கிறாள் என்பது முதல் தடவையாக வெளியிலிருந்து தெரிந்தது.

டாக்டரம்மா உட்காரச் சொல்லி விளக்கினார். "மணிக்கட்டு மெஷின்னா மணிக்கட்டு நெஞ்சு உயரத்துல இருக்கணும். அதுக்கு மேல தூக்கினா கொறச்சுக் காட்டும், கீழ தொங்கப் போட்டா ஏத்திக் காட்டும். முதுகு சாஞ்சு, காலு தரையில பதிஞ்சு, அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்துட்டுப் பாக்கணும். பாக்கும்போது பேசக் கூடாது. நீங்க தலைக்கு மேல தூக்கி வெச்சிருக்கீங்க. நாப்பதுக்கு மேல கொறஞ்சிருக்கும்."

"தளம் சமமா இருக்கணும்னு அவர்..."

"தளம் எப்படியோ கோணலா இருந்துட்டுப் போகட்டும். நெஞ்சுக்கும் கைக்கும்தான் சமம் வேணும். சரி, லோன்னு நெனச்சு வேற எதுவும் செய்யலியே?"

அவள் உப்புத் தண்ணீரைப் பற்றிச் சொன்னாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"அவர் கலக்கிக் குடுத்தார், சரி," என்றார் டாக்டரம்மா. "நீங்க ஏம்மா குடிச்சீங்க?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி பல்வலியோடு சேர்ந்து நடந்து வந்தது. நீங்க ஏம்மா குடிச்சீங்க?

அவர் சொன்ன எதையும் அவள் நம்பியதில்லை. அந்த மெஷினை நம்பவில்லை, ரசமட்டத்தை நம்பவில்லை, அவருடைய வைத்தியத்தை ஒரு நாளும் நம்பவில்லை. ஆனால் எக்கி நின்றாள். குடித்தாள். நம்பிச் செய்திருந்தாலாவது ஒரு அர்த்தம் இருந்திருக்கும். உள்ளுக்குள் வக்கணை காட்டிவிட்டால் போதும், வெளியே செய்வதற்கு வேறொன்றும் பாக்கியில்லை என்று இருந்துவிட்டாள். அவரை முட்டாளென்று நினைப்பதிலேயே அவளுடைய தைரியம் முழுக்கச் செலவாகிப் போயிருந்தது. முட்டாளென்று தெரிந்தும் அவர் நீட்டிய டம்ளரை வாங்கிக் குடித்தவளுக்கு என்ன பெயர் வைப்பது? அந்த ஏளன அறைக்குள் இத்தனை பேரை வைத்துப் பூட்டியிருக்கிறாள். ஒரு மூலையில் அவளும்தான் உட்கார்ந்திருந்தாள், எண்ணிக்கையில் வராமல்.

பல் டாக்டரம்மா அனுப்பிய பொது டாக்டர் அதே கட்டடத்தின் மாடியில் இருந்தார். ஒரு தடவை பார்த்து முடிவு சொல்லவில்லை அவர். சில நாள் வரச் சொல்லிப் பார்த்தார், ரத்தப் பரிசோதனை எடுத்தார். பிறகு மாத்திரை எழுதினார். உப்பைக் குறைக்கச் சொன்னார். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். வீட்டுக்காரர் விஷயத்தைக் கீழேயிருந்து யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

முத்திரை சார் விஷயத்தைக் கேட்டுப் பதறவில்லை. குற்றவாளியின் கடைக்குக் கிளம்புவது போலச் சட்டையை மாற்றிக்கொண்டு, ரசமட்டத்தைப் பையில் போட்டுக்கொண்டு பல் ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வரும்போது முகம் முழுக்க வெற்றி.

"பாத்துட்டேன். அந்தம்மா மேசை ஒரு பக்கம் இறக்கம். குமிழி இடது கோடியில போய் நிக்குது. அதுல வெச்சுப் பாத்து உனக்கு ஹைன்னு சொல்லிட்டா. வெளக்கம் கேட்டா, 'சார், வாயத் தொறங்க, பல்லக் காட்டுங்க'ங்கறா! திமிரு."

"மாடி டாக்டரும் பாத்தாரே?"

"அவர் மேசையையும் பாத்திருப்பேன். உள்ள விடல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பழக்கதோஷத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தப் பார்த்தாள். பிறகு நிறுத்திக்கொண்டு, அடுக்களைக்குப் போய் அன்றைய உப்புத் தண்ணீரை அவர் கண் முன்னாலேயே தொட்டியில் ஊற்றினாள்.

"கீழ ஊத்தறியா?"

"ஆமா."

அவ்வளவுதான் சொன்னாள். காலி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

மாத்திரை வேலை செய்தது. பிடரி வலி மெல்ல விட்டது. காலையில் எழுந்தால் தலைக்குள் யாரும் கட்டில் நகர்த்தவில்லை. அவர் இல்லாத நேரத்தில் ஸ்டூல் போட்டு ஏறி, ஃபிரிட்ஜ் மேலிருந்த மெஷினை எடுத்து, மேசையில் முழங்கையை ஊன்றி, மணிக்கட்டை நெஞ்சுக்கு நேராக வைத்துப் பார்த்தாள். நூற்றிருபத்தெட்டு, எண்பத்திரண்டு. பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிடுவாள். திருட்டுத்தனமாகத்தான் செய்தாள். அதற்காகத் தன்னையே கொஞ்சம் ஏளனமும் செய்துகொண்டாள்.

ஒரு நாள் காலை அவர் விடவில்லை.

"வா. கைய வை. மாத்திரை என்ன பண்ணியிருக்குன்னு பாக்கணும்."

சண்டை போடத் தெம்பில்லாமல் பழையபடி எக்கி நின்றாள். உர்ரென்று இறுகித் தளர்ந்தது. எண்ணைப் பார்த்ததும் அவர் குரல் மாறியது.

"எம்பத்தாறுக்கு நாப்பத்திரண்டு! அய்யய்யோ. கொல்லப் பாக்கறானுங்க உன்னை!"

அது நடிப்பில்லை. அவருக்கு உண்மையாகவே வேர்த்தது. அவளைத் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, அடுக்களை அலமாரியிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு போய்த் தன் மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். சாவி இடுப்புக்குப் போனது.

"பறிமுதல்," என்றார். அந்த வார்த்தையைச் சொல்லி எத்தனை வருஷமாயிற்றோ, வாயில் இனித்தது போல.

அவள் அந்த டிராயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாத்திரை இல்லையென்றால் பிடரி வலி திரும்ப வரும்; அதற்குப் பிறகு என்ன வரும் என்று மாடி டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தார். மூளை, இதயம், சிறுநீரகம். தெருமுனைக் கடைக்காரரிடம் தராசைப் பிடுங்குவது போல என் உயிரை இந்த ஆள் பிடுங்கிப் பூட்டி வைத்துவிட்டு, என் நல்லதுக்கு என்று உட்கார்ந்திருக்கிறார். அதைவிடக் கேவலம், அவர் கண்ணில் இருந்த பயம் நிஜம். பாசம்கூட இந்த மனிதரிடம் கோணலாகத்தான் வெளியே வரும்.

கத்தினால் ஜெயிக்க முடியாது. அவர் கத்துவதில் பென்ஷன் வாங்குகிறவர். அழுதால் லோ பிரஷர் என்பார். அவள் யோசித்தாள். இவரை எதைக் கொண்டு மடக்க முடியும் என்று தேடினால், இவர் மதிக்கிற ஒரே ஆள் இவர்தான்.

"ஒண்ணு கேக்கறேன்," என்றாள். "ஒரு கடையில ஒரே மூட்டைய ஒரே தராசுல மூணு தடவ வெச்சு, மூணு எடை காட்டினா என்ன பண்ணுவீங்க?"

"தராசு கண்டம். உதவாதுன்னு அப்பவே சீல்."

"இப்ப உங்க கைய நீங்களே மூணு தடவ பாருங்க. மொதல்ல ஃபிரிட்ஜ் மேல. அப்புறம் உக்காந்து நெஞ்சுக்கு நேரா. அப்புறம் தொங்கப் போட்டு."

"எதுக்கு?"

"சோதனைதானே? உங்களுக்குத் தெரியாததா?"

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு அவர் என்றைக்கும் மயங்கிவிடுவார். ஃபிரிட்ஜ் மேல் கை வைத்துப் பார்த்தார்: நூற்றிருபத்து நான்கு, எழுபத்தாறு. "பாத்தியா, சின்னப் பையன் மாதிரி." பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, அவள் சொன்னபடி மணிக்கட்டை நெஞ்சுக்கு நேராக வைத்தார். நூற்றைம்பத்தாறு, நூற்றிரண்டு. எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாவதாகக் கையைத் தொங்கப் போட்டார். நூற்றெண்பதைத் தாண்டிற்று.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். புரிந்துகொள்ள எல்லாமே அங்கே இருந்தது. மெஷின் ஒன்று, ஆள் ஒன்று. மாறியது கையின் உயரம் மட்டும்தான். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடப் புரியும். ஒரு கணம் அவர் கண்ணில் ஏதோ அசைந்தது போலவும் இருந்தது. பிறகு முத்திரை சார் எழுந்து நின்றார்.

"மெஷின் கெட்டுப்போச்சு."

அவளால் நம்ப முடியவில்லை. பிறகு நம்ப முடிந்தது. முப்பது வருஷக் குடித்தனத்தில் இந்த மனிதர் தப்பென்று ஒப்புக்கொண்ட பொருளெல்லாம் அவருக்கு வெளியேதான் இருந்தன.

"நிச்சயமா கெட்டுப்போச்சா?"

"மூணு தடவ மூணு காட்டுது. என்ன சந்தேகம்? கண்டம்."

"அப்படின்னா அது காட்டின எம்பத்தாறும் தப்பு."

அவர் கை இடுப்புச் சாவியைப் பொத்திக்கொண்டது.

"தப்புத் தராச நம்பி ஒருத்தன் சரக்கப் பறிமுதல் பண்ணினா, திருப்பிக் குடுத்துரணுமில்ல? சாவியக் குடுங்க."

"அது வேற..."

"எது வேற? உங்க சட்டம்தான். நீங்களே கண்டம்னு சொன்னீங்க. சாவி."

அவள் கையை நீட்டியபடி நின்றாள். இந்தத் தடவை கை மேலே போகவில்லை. அவர் வயிற்றுக்கு நேராக நின்றது. அவர் இடுப்பில் தடவிச் சாவியை எடுத்து, அவள் கையில் கொடுக்காமல் மேசை மேல் வைத்தார். அந்த அளவு கௌரவமாவது அவருக்கு மிஞ்ச வேண்டாமா? அவள் எடுத்து டிராயரைத் திறந்து மாத்திரையை அவர் முன்னாலேயே போட்டுத் தண்ணீர் குடித்தாள். உப்பில்லாத தண்ணீர் எவ்வளவு ருசி.

அவர் அன்று பகல் முழுக்க ஃபிரிட்ஜ் பக்கமே போகவில்லை. மாலையில் தையல்காரர் வந்து கதவைத் தட்டியபோது, "மெஷின் ரிப்பேர்" என்று உள்ளிருந்தே சொல்லி அனுப்பிவிட்டார்.

"அப்ப எனக்குக் காட்டினது சார்?" என்று தையல்காரர் வாசலில் நின்று கேட்டார். அவள் வெளியே போய், "அண்ணே, நீங்க மாத்திரைய நிறுத்திடாதீங்க. டாக்டர் சொன்னதுதான் சரி. நேரா அவர்கிட்டயே போய்ப் பாருங்க" என்றாள்.

"அப்ப இங்க எறங்கினது?"

"கையத் தூக்கினா எறங்கும்ணே. யாருக்கும் எறங்கும்."

தையல்காரர் தன் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே போனார்.

மறுநாள் காலையில் ஃபிரிட்ஜின் தலையில் ஒரு பொட்டலம் இருந்தது. மெஷினை உறையில் போட்டு, நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, முடிச்சின் மேல் காகிதம் ஒட்டிக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார். அவள் ஸ்டூலில் ஏறி எடுத்து, காய் நறுக்கும் கத்தியால் நூலை அறுத்தாள். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை. ஒரு பலகையை இழுத்து வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, கையை நெஞ்சுக்கு நேராக வைத்தாள்.

"சீல ஒடச்சிட்டியா?" என்று கூடத்திலிருந்து சத்தம் வந்தது.

மெஷின் உர்ரென்று இறுகிக்கொண்டிருந்தது. எண் வரும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை. நூற்றிருபத்தாறு, எண்பது.

"ஒடச்சிட்டேன்."

"அது குத்தம். தெரியுமா?"

"கேஸ் போடுங்க."

நிமிர்ந்து பார்த்தபோது அவர் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். இடது கையை மடக்கி, மணிக்கட்டை நெஞ்சின் மேல் வைத்திருந்தார். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் நெஞ்சைப் பரபரவென்று சொறிய ஆரம்பித்தார்.

"அரிக்குது," என்றார்.

அவள் எழுந்து, பட்டையைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, நாற்காலியைக் காலால் கொஞ்சம் வெளியே தள்ளிவிட்டு அடுக்களைக்குள் போனாள். பாத்திரத்தை எடுப்பதும் வைப்பதுமாக வேண்டுமென்றே சத்தம் எழுப்பினாள். சத்தங்களுக்கு நடுவே நாற்காலி இழுபடுவது கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்த உர்ர்.

ஜெயித்துவிட்டோம் என்று ஒரு துள்ளல் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது, ஆனால் உடனே போய்விட்டது. கல்யாணமான புதிதில் ஒரு தடவை அவரோடு கடைவீதிக்குப் போயிருக்கிறாள். ஒரு கிழட்டுக் கடைக்காரரின் எடைக்கல்லை எடுத்து இவர் சோதித்துக்கொண்டிருந்தார். அந்தக் கடைக்காரர் கல்லைப் பார்க்கவில்லை, இவரையும் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். குறையும் என்று அவருக்கு முன்பே தெரியும். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தபோது அவள் கணவர் அதே மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எண்ணைப் பார்க்காமல். இரக்கம் வந்ததா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். வந்தது. ஆனால் ஏளனம் எழுந்து அதற்கு இடம் விடவில்லை; இரண்டும் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன.

"எவ்வளவு?" என்று கேட்டாள்.

"உனக்கெதுக்கு?"

அந்த ஒரு சொல்லிலேயே எண் இருந்தது. குறைவாக இருந்திருந்தால் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"கெளம்புங்க. மாடி டாக்டர் இப்ப இருப்பார்."

"அவன் மேசை..."

"அவர் மேசைய நான் பாத்துக்கறேன். நீங்க போய்க் கைய நீட்டுங்க."

அவர் எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டு, வாசல் வரைக்கும் போய் நின்று கேட்டார்.

"செருப்பு எங்க?"

அது அவர் காலுக்கு முன்னாலேயே கிடந்தது. அவள் வழக்கம்போல ஓடிப்போய்க் காட்டவில்லை. தேடட்டும் என்று கையைத் துடைத்துக்கொண்டு, தன் செருப்பை மாட்டிக்கொண்டு, அவருக்கு முன்னால் தெருவில் இறங்கினாள்.